குளோன் போட்டால் என்ன

ஜனவரி 12

இரவு பத்தரை. பையன் தூங்கியபிறகு, புதிதாகப் படிக்கிற ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியைத் திறந்தேன். பெயர்ப் பட்டியலை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் அதையே பிரிண்ட் செய்யப் போனால், எழுதியதைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் விடமாட்டேன் என்கிறது. பிழை எண் ஈ0382. பட்டியல் கைமாறிவிட்டதாம், இனி என்னுடையது இல்லையாம். பதினைந்து வருஷமாக ஜாவா மொழியில் எழுதுகிறவனிடம்!

ஜனவரி 13

நேற்று சிவப்பாக வந்த பிழைச்செய்தியைப் பார்த்ததுமே மூடிவிட்டேன். இன்றுதான் முழுதாகப் படித்தேன். எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் மறுபடி தொட்டேன் என்று அடிக்கோடிட்டுக் காட்டியிருக்கிறது. கீழே ஒரு யோசனை: ஃபங்ஷனுக்கு அது சொந்தமாக வேண்டாம் என்றால் கடனாகக் கொடுக்கலாம், செலவு பரவாயில்லை என்றால் குளோன், அதாவது நகல், செய்துகொள்ளலாம். கல்லூரியில் சி மொழி படித்தபோது பிழை என்று வந்தது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டே சொல். லேப் சீனியரிடம் கேட்டால், "மேனுவல் படிடா." இரண்டு முறை கேட்டேன், அப்புறம் கேட்கவே இல்லை. நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டர் எனக்கு இன்றும் அரைகுறைதான்.

ஜனவரி 18

ஞாயிறு. ரஸ்ட் எழுதுகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். ஒரு தம்பி என் திரையை எட்டிப் பார்த்து, "இத்தனை குளோனா? அப்புறம் எதுக்கு சார் ரஸ்ட்?" என்றான். காது சூடாகிவிட்டது. லேப்டாப்பை மூடப்போன நேரம், பக்கத்திலிருந்த பெண் கேட்டார்: "ஓடுதா சார்?"

"ஓடுது."

"அப்ப இருக்கட்டும். முதல் மாசம் நானும் கண்ட இடத்துல எல்லாம் குளோன் போட்டவதான்."

என் நான்கு குளோனில் ஒன்றை மட்டும், கடன் என்று காட்டும் & குறி போட்டு எடுத்துக் காட்டினார். மிச்சத்தை நீங்களே எடுங்கள் என்றுவிட்டார். 2015 மே மாதம் ரஸ்ட் 1.0 வந்தபோது பிழைச்செய்திகள் இவ்வளவு தெளிவாக இல்லையாம். எல்ம் மொழியைப் பார்த்து 2016இல் மாற்றி அமைத்தார்களாம். செய்தி குழப்பினால் அதையே பிழை என்று பதிவுசெய்யலாம், திருத்துவார்கள் என்றார். தப்பு என்னுடையது இல்லை, செய்தியுடையது! இப்படி ஒரு நியாயத்தை நான் கேட்டதே இல்லை.

தம்பியும் கெட்டவன் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜனவரி 21

இன்னும் இரண்டு குளோன் போயிற்று. கடைசியைத் தொட்டால் லைஃப்டைம் என்று, கடன் எதுவரை செல்லும் என்பதுபற்றி வேறு ஏதோ பிழை கிளம்புகிறது. இருக்கட்டும்.

ஜனவரி 27

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற ஜாவா பிழையோடு மறுபடி வந்தாள். "போன வாரமே சொன்னேனேம்மா" என்று வாயில் வந்தேவிட்டது. "சரி சார்" என்று போய்விட்டாள். சாயங்காலம்வரை இந்தப் பக்கம் வரவில்லை.

நாளைக்குக் காலையில் நானே அவள் இடத்துக்குப் போகணும்.