பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்று டிரான்சிஸ்டர் போட்ட அனுபவம்

ஆடி பிறந்தால் வேலூர், ஆற்காடு பக்கத்து மைக் செட் கடைகளில் பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கீழே இறங்கிவிடும். இந்தத் தடவை பெஞ்சுக்கு வந்தது நாலு 2என்3055 அவுட்புட் டிரான்சிஸ்டர் (ஸ்பீக்கரை ஓட்டுபவை, பக்கத்துக்கு இரண்டு) போட்ட ஸ்டீரியோ செட், சப்ளை பிளஸ் மைனஸ் 28 வோல்ட். அலையின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் ஒரே என்பிஎன் வகைதான், அந்தக் காலத்து டிசைன். ஃபியூஸ் மாற்றியதும் மறுபடி போகிறது.

மூன்றாவது ஃபியூஸை வீணாக்காமல் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டோம். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். நாலையும் கழற்றி மீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பார்த்ததில், இடது பக்கத்து இரண்டிலும் கலெக்டர்-எமிட்டர் பீப் அடித்தது (பேஸ், கலெக்டர், எமிட்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் முனைகள்). நல்ல பீஸில் பேஸிலிருந்து மற்ற இரண்டுக்கும் 0.5 முதல் 0.65 வோல்ட் வரை ஒரே திசையில்தான் காட்டும். கலெக்டர்-எமிட்டர் எந்தப் பக்கமும் காட்டாது.

அவுட்புட் ஷார்ட் ஆனால் தனியாகப் போவதில்லை, அதை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டரான டிரைவரையும் இழுத்துக்கொண்டு போகும். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரும் ஓப்பன். சிமென்ட் வகை, வெளியே கீறல்கூட இல்லை. அளக்காமல் விட்டிருந்தால் புது டிரான்சிஸ்டர் போட்டும் சத்தம் ஒழுங்காக வந்திருக்காது.

இனி மாற்று. 2என்3055 தாங்குவது 60 வோல்ட். பிளஸ் மைனஸ் 28 என்றால் 56. ராத்திரி லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினால் 61 தாண்டிவிடும். முன்பு எப்படிப் போயிற்று என்பதற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டியதில்லை. கடையில் முதலில் எடுத்து நீட்டுவது 2எஸ்சி5200: 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். பேப்பரில் எல்லாமே கூடுதல். ஆனால் அதன் வேகம் 30 மெகாஹெர்ட்ஸ். பழைய 2என்3055 ஒரு மெகாஹெர்ட்ஸையே எட்டாது. போர்டில் உள்ள கெபாசிட்டர் எல்லாம் அந்த மெதுவுக்கு அளவு வைத்தவை.

ஒரு பக்கத்தில் போட்டும் பார்த்தோம். ஓட்டை பொருந்தாததால் ஒயர் நீட்டி இழுக்க வேண்டியிருந்தது, அது இன்னும் கெடுத்தது. பாட்டே போடாமல் ஹீட் சிங்க் கை வைக்க முடியாத சூடு. அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரடோடு நிற்கும் 10 ஓம் ரெசிஸ்டர் பழுப்பேறி நாற்றம் வந்தது. அந்த ரெசிஸ்டர் கருகினால் காதுக்குக் கேட்காத ஆசிலேஷன் என்று அர்த்தம், ஸ்கோப் வேண்டியதில்லை.

கழற்றிவிட்டு எம்ஜே15015 போட்டோம்: 120 வோல்ட், 15 ஆம்பியர், 180 வாட், அதே உலோக மூடி, அதே ஓட்டை. நாலையும் மாற்றினோம், பழசும் புதுசும் கலந்தால் கெயின் ஒத்துவராது. பேஸ் காலிலேயே ஒட்டி 2.2 ஓம் ஒன்று. டிரைவருக்கு பிடி139, பிடி140. இங்கேதான் கை தவறும்: எழுத்துள்ள முகத்தைப் பார்த்தால் பிடி139க்கு இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ், டிஐபி31 என்ற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு அப்படியே தலைகீழ்.

போலிச் சரக்கு வேறு. வாங்கிய கட்டில் ஒன்றைப் பலி கொடுத்து மூடியை ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். உள்ளே சில்லு மிளகளவு இருந்தால் மொத்தமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஹீட் சிங்க் ஓட்டையின் பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் மின்சாரம் கடத்தாத மைக்கா தகட்டை டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்க வேண்டும். பிசிறு குத்தினால் மைக்கா ஓட்டை. சூடு கடத்தும் பேஸ்ட் மெல்லிசாக, மைக்கா கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத்தான். முறுக்கியதும் மூடிக்கும் ஹீட் சிங்குக்கும் மீட்டர் வைத்தோம், எதுவும் காட்டவில்லை.

பயாஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) மட்டும் பல்பை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். பல்பு இருந்தால் சப்ளை இறங்கி அளவு பொய் சொல்லும். 0.33 ஓமின் குறுக்கே 8 மில்லிவோல்ட், அதாவது சுமார் 25 மில்லிஆம்பியர். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் பேஸ்-எமிட்டர் வோல்ட் குறையும் என்பதால், வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் காலையில் வைத்த அளவு மதியம் நிற்காது. சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்க வேண்டிய டயோடு ஹீட் சிங்கை விட்டு விலகித் தொங்கியது. பேஸ்ட் தடவி கிளிப்பால் அழுத்தினோம்.

அவுட்புட் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்பீக்கர் ஒயரைத் தொடக்கூடாது. இதில் 18. ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம். பயாஸ் 8 மில்லிவோல்ட்டிலிருந்து 11க்கு ஏறி அங்கேயே நின்றது.