சுவரில் படிந்த புகைக்கரியைக் கழுவ என்ன செலவாகும்?

சென்னையில் மெயின்ரோட்டைப் பார்த்த நான்கு மாடிக் குடியிருப்பு. தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பு. “பெயின்ட் வேண்டாம், கழுவினாலே போதும்” என்றுதான் வேலை தொடங்கியது. முடிவில் கணக்குப் பார்த்தால், கழுவும் கூலியைவிட மேலே ஆளை ஏற்றும் செலவுதான் அதிகம்.

விலை கேட்பதற்கு முன் அந்தக் கறுப்பு என்னவென்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வாங்கும் திரவ பிளீச்சைச் சுவரில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. அப்படியே இருந்தால் டீசல் கரியும் தூசியும். ஏசி தண்ணீர் வழிந்த இடமெல்லாம் எங்களுக்குப் பாசி. மழை கழுவாத சன்ஷேடு அடியில் கரி. கரிக்கு பிளீச் ஊற்றுவது வீண். மிதமான சோப்புக் கரைசலும் நைலான் பிரஷும்தான் வேலை செய்யும்.

அடுத்து, சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் பழைய எமல்ஷன் உதிர ஆரம்பித்துவிட்டது. கழுவினால் கரியோடு பெயின்டும் போகும். அப்படிப்பட்ட சுவரைக் கழுவ மட்டும் சாரம் கட்டாதீர்கள். கழுவுவது, விரிசல் அடைப்பது, பெயின்ட் அடிப்பது மூன்றையும் ஒரே சாரத்தில் முடியுங்கள்.

கொட்டேஷனில் சண்டை வருவது அளவில்தான். பலர் பில்டப் ஏரியாவை (கட்டடத் தளப்பரப்பை) ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சுவர் அளவு என்பார்கள். டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 60 அடி அகலம், 42 அடி உயரம் என்றால் 2,520 சதுர அடி. ஜன்னலைக் கழிப்பதா, சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சேர்ப்பதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாரம், கூலி, தண்ணீர் தனித்தனி வரியாக இருக்கட்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். 90,000 ரூபாய் என்று சொன்னது கடைசியில் 1,06,200 ஆகும். சாரத்துக்கு நாள் வாடகை என்றால் மழை நாளுக்கு யார் பணம் கொடுப்பது? இதைப் பேசாமல் விட்டதில்தான் எங்களுக்குக் கைக்காசு போனது.

தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் சிறிய பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 7 லிட்டர் என்றால், ஆறு மணி நேரத்தில் 2,520 லிட்டர். உப்பான போர்வெல் தண்ணீரை அடித்தால் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு நிற்கும். அதைத் துடைக்கத் தனிக் கூலி.

சோப்பைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும், அலசுவது மேலிருந்து கீழாக. மேலே தொடங்கிப் பூசினால் காய்ந்த அழுக்கில் கரைசல் ஒழுகிக் கோடு விழும். அந்தக் கோடு லேசில் போகாது. பிரஷர் வாஷர் முனையில் மாட்டும் நாசில் 40 டிகிரி விசிறி வகை, சுவரிலிருந்து ஓர் அடிக்குக் குறையாமல். சிவப்பு நாசில் ஒற்றைத் தாரை, பூச்சைப் பெயர்த்துவிடும். விரிசலுக்குள் நேராக அடித்தால் உள்பக்கச் சுவர் ஊறி, பிறகு பெயின்டுக்கு அடியில் பூசிய புட்டி உப்பும். ஏசி அவுட்டோர் யூனிட், மீட்டர் பெட்டி, சுவிட்சு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடியாக வேண்டும்.

ஆசிட் கேனோடு ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிமென்ட் பூச்சையும் மார்பிளையும் ஆசிட் அரிக்கும். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு. சாரத்தில் நிற்பவர் தப்பி ஓட இடமில்லை. வாசலில் மார்பிள் இருந்தால் நல்ல தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். தாஜ் மஹாலின் மஞ்சள் படிவையே தொல்லியல் துறை 1994 முதல் முல்தானி மிட்டி என்ற களிமண்ணைப் பூசி, காயவிட்டுத்தான் எடுக்கிறது.

சாரத்தைப் பிரிக்கும் முன் இன்னொரு வேலை. சன்ஷேடின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மழைநீர் அடிவழியே ஓடி, சன்ஷேடு மேல் கிடக்கும் கரியைச் சுவரில் இறக்கும். அதை வெட்டுவது மேஸ்திரிக்குச் சின்ன வேலைதான், சாரம் நிற்கும்வரை.