பொட்டு பாயப் பழகிய எட்டு மாதம்

எங்கட பொட்டுவுக்கு இரண்டு வயது. பொமேரியன் கலப்பு. தோள் உயரம் 29 சென்ரிமீற்றர், நிறை ஐந்தரைக் கிலோ. நெற்றியில் மண்ணிறத்தில் ஒரு பொட்டு, பெயரும் அதனால்தான். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் படலை திறந்த மறுகணம் றோட்டில் நிற்பான். கடந்த ஜனவரியில் ஒருநாள் ஓட்டோச் சில்லுக்கும் அவனுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. கட்டிப்போட மனம் வரவில்லை. இந்தச் சின்ன உடம்புக்குள் கிடக்கிற ஓட்டத்தை எங்கே இறக்குவது என்று தேடும்போதுதான் அஜிலிட்டி கண்ணில் பட்டது.

1978 இல் லண்டனில் குரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து உருவாக்கின விளையாட்டு அது. தடி தாண்டவேணும், குழாய்க்குள் பூரவேணும், நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து ஓடவேணும், சீசோ மாதிரிச் சரிகிற ஏறுபலகையில் ஏறி இறங்கவேணும். போட்டியில் ஆள் கூடவே ஓடலாம், தொடக்கூடாது, கையில் தீனி இருக்கக்கூடாது. குரலும் உடம்பும்தான். பக்கத்தில் பழக்கிவிட ஆள் கிடைக்கவில்லை. போனில் பார்த்துப் பார்த்து பெப்ரவரியில் நானே தொடங்கினேன்.

முதல் இரண்டு கிழமை எங்கள் முற்றத்தில். கடற்கரைப் பக்கத்து மணல், கால் புதையும். பாய்ந்து விழும்போது முன்கால் மணிக்கட்டுவரை தாழ்ந்து, அடுத்த அடி எடுக்கத் திணறினான். நாவற்குடாவில் மாமியின் வளவில் தென்னைக்குக் கீழே புல் இறுக்கமாக வளர்ந்திருக்கும். சாமானெல்லாம் அங்கே கொண்டுபோனேன்.

"என்னகா புள்ள, நாய்க்குச் சர்க்கஸ் பழக்குறியா?" என்றா மாமி.

குழாய்க்கு, தண்ணீர் பிடிக்கிற நீலப் பரல் இரண்டின் அடியை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தினேன். வாய் கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர், போட்டிக் குழாயின் அகலமும் அதுதான். வெட்டின விளிம்பை அரத்தால் தேய்த்து, பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி ஒட்டினேன். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல். முதல்நாளே உள்ளே பூந்து மறுபக்கத்தால் வந்துவிட்டான். அந்தப் பகுதியில் எழுத வேறொன்றும் இல்லை.

கம்புகள்தான் இரண்டரை மாதம் எடுத்தன. எஸ்லோன் பிளாஸ்ரிக் பைப்பில் ஆறு கம்பு, ஒன்றுக்கொன்று 60 சென்ரிமீற்றர் தள்ளி. முழுப் போட்டியில் பன்னிரண்டு வரும். முதற்கம்பு நாயின் இடப்பக்கம் வரும்படி நுழையவேணும், அதில் தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. ஒரே வரிசையில் நட்டுவிட்டு நாயை இழுத்து வளைக்கிறது பயனில்லை. முதலில் கம்புகளை இரண்டு வரிசையாகப் பிரித்து நடுவில் ஒரு ஒழுங்கை மாதிரி விட்டேன். அதற்குள்ளால் நேரே ஓடினால் முடிவில் அவித்த சூரை மீன் துண்டு, பயற்றங்கொட்டை அளவு. அந்த அளவு முக்கியம், ஐந்தரைக் கிலோ நாய்க்குத் தீனி கொஞ்சம் கூடினாலும் உடனே நிறையில் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கொருக்கா வரிசைகளை ஒரு விரலளவு நெருக்கினேன். உடம்பு தானாகவே வளையத் தொடங்கியது. முதலில் இரண்டு முன்காலையும் சேர்த்து முயல் மாதிரித் தத்தினான். மறுகா மெல்ல மெல்ல ஒவ்வொரு காலாக மாற்றிப் போட்டான். அந்தக் கால் மாறின பின்னேரம் நான் புல்லில் இருந்தே அழுதுவிட்டேன்.

ஆனால் குழாய் முடிந்து கம்புகளுக்கு வரும் இடத்தில் ஓயாமல் தப்பான பக்கம் போனான். "நேரே, நேரே" என்று கத்தினேன். மூன்று நாள் அதே பிழை. நாலாம் நாள் போனைத் தென்னையில் கட்டி வீடியோ எடுத்துப் பார்த்தேன். வாய் நேரே என்கிறது, என் இடது தோள் அதற்கு முன்னமே உள்ளே திரும்பிவிட்டது. அவன் தோளைத்தான் பார்த்திருக்கிறான். பிறகு சொற்களைக் குறைத்தேன். பாய், பூரு, கிறுகு, நில். நாலு சொல் போதும். கிறுகு என்றால் திரும்பு, அதைச் சொல்லும்போது என் தோளும் கையும் சேர்ந்து கிறுகவேணும்.

ஜூன் மாதம் சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கியது. நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும், மற்றதெல்லாம் இளைத்துத்தான் சூட்டை ஆற்றும். புறங்கையை ஏழு விநாடி நிலத்தில் வைத்துப் பார்த்து, சுட்டால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. காலை ஆறுமணிக்கு முன், பின்னேரம் ஐந்தரைக்குப் பின், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்.

அந்த மாதம்தான் தடி தாண்ட மறுத்தான். நான் வைத்திருந்த உயரம் 30 சென்ரிமீற்றர். அனைத்துலக விதியில் 35 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சின்ன நாய்களுக்கு 25 முதல் 30 வரை என்று இருந்ததால் அதில் கூடியதை எடுத்தேன். தடிக்கு முன் வந்து நிற்பான், என்னைப் பார்ப்பான், சுற்றிப்போவான். குழப்படி என்று நினைத்து அதட்டினேன். அந்த அதட்டலை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகுது. ஒருநாள் ஓடும்போது பின்காலொன்றை இரண்டு மூன்று அடிக்குத் தூக்கிப்பிடித்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஊன்றினான். மிருக வைத்தியர் காலை நீட்டி, பெருவிரலால் முழங்காற்சில்லை மெல்லத் தள்ளிக் காட்டினார். பக்கவாட்டில் சறுக்கிப்போய், விட்டதும் தானே திரும்பி வந்தது. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சின்ன இன நாய்களில் இது அடிக்கடி காண்கிறதாம். மூன்று கிழமை ஓய்வு, நிறை ஏறவிடக்கூடாது, பின்தசை உறுதியாக மெதுவாக மேடேறும் நடை. இப்போது தடி 15 சென்ரிமீற்றர். அதற்கு மேல் நான் வைக்கப்போவதில்லை.

ஏறுபலகையும் அப்படித்தான். பன்னிரண்டு அடிப் பலகை, பாரமான மரம். அவன் நுனிக்குப் போனபிறகுதான் சரியும், சரிந்தால் தடாரென்று அடிக்கும். விதிப்படி இறங்குகிற பக்கத்தின் நடுவில் ஒரு கிலோ வைத்தால் 3 முதல் 4 விநாடிக்குள் பலகை நிலத்தைத் தொடவேணும். என்னுடையது அசையவேயில்லை. ஒரு சத்தத்தில் வெருண்டவன் ஒரு மாதம் பலகைப் பக்கமே வரவில்லை. மெல்லிய பலகை மாற்றி, இரண்டு நுனிக்கும் கீழே பழைய டயர் வைத்தேன், நாலு விரலளவுக்கு மேல் சரியாது. சோற்றுக் கோப்பையையும் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். செப்டெம்பரில் டயரை எடுத்தேன். நுனியில் நின்று, பலகை இறங்கி மண்ணைத் தொடும்வரை பொறுத்து, பிறகுதான் குதித்தான்.

போன கிழமை மாமி வீட்டுப் படலை திறந்து கிடந்தது. வெளியே ஒரு ஆடு. பொட்டு பாய்ந்தான். நான் "கிறுகு" என்று சொல்லித் தோளைத் திருப்பினேன். படலைக் கட்டையடியில் அரைவட்டம் அடித்து என் காலடிக்கு வந்தான். தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமி ஒரு சொட்டை வெட்டி அவனுக்குக் கொடுத்தா.

மாரி தொடங்கிற்று. வளவில் தண்ணீர் நிற்கும், புல் வழுக்கும், ஜனவரிவரை பாய்ச்சல் இல்லை. கம்புகளைக் கழற்றிக் கட்டிவைத்தாச்சு. பரலை மட்டும் விறாந்தையில் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது அதற்குள்தான் படுத்திருக்கிறான், வால் மட்டும் வெளியே தெரிகிறது.