மெனுவுக்குள்ளிருந்து பாஷ்: கண்ட்ரோல்-சி நிற்காத கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டெஸ்டிங் மெஷினுக்கு, லினக்ஸில் ஓடும் மெனு ப்ரோகிராமை சி-யில் எழுதுகிறேன். சர்வீஸுக்கு வருகிறவர் மெனுவை மூடாமலே, கமாண்ட் அடிக்கும் ஷெல்லுக்கு, அதாவது பாஷுக்கு, போய் லாக் பார்க்க வேண்டும். எக்ஸிட் அடித்தால் மெனுவுக்கே திரும்ப வேண்டும்.

சிஸ்டம் ஃபங்ஷனில் ஒரே வரியில் முடிக்கலாம். எனக்கு சைல்டுக்குள் (மெனு பிறப்பிக்கும் புது ப்ராசஸ்) சில வேலைகள் இருந்ததால் ஃபோர்க் (சைல்டை உருவாக்க), எக்ஸெக்எல் (அதில் பாஷை ஏற்ற), வெயிட்பிஐடி (அது முடியும்வரை காத்திருக்க) என்று போனேன். எக்ஸெக்எல் ஜெயித்தால் திரும்பி வராது. வந்துவிட்டால் தோற்றுவிட்டது என்று பொருள். அதனால் அடுத்த வரியே சைல்டை முடிக்கும் _எக்ஸிட்(127). ஆர்க்யூமென்ட்டுகளின் கடைசியில் நல் பாயின்டர் கட்டாயம்.

பாஷ் உடனே வந்துவிட்டது. டெயிலை (லாக்கின் கடைசி வரிகளைக் காட்டும் கமாண்ட்) ஓட்டிச் சோதித்துப் பார்த்த சர்வீஸ் தம்பிதான் கூப்பிட்டார்: "ண்ணா, டெயில் ஓடிட்டே இருக்கு, கண்ட்ரோல்-சி அடிச்சா நிக்க மாட்டேங்குது."

ஓடிக்கொண்டிருந்த டெயிலின் பிஐடி-யை (ப்ராசஸ் எண்) எடுத்து, ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் /ப்ராக்-இல் அதன் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தேன். சிக்இக்ன் (இக்னோர் செய்யப்படும் சிக்னல்கள்) வரியில் பதினைந்து பூஜ்யம், கடைசியில் ஒரு 2. கண்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னலான சிக்இன்ட்டின் எண் 2. அதற்கான பிட் அதுதான். அதாவது டெயில் சிக்இன்ட்டைக் காதிலேயே வாங்கவில்லை. தெரியாமல் கை பட்டு மெனு செத்துவிடக் கூடாது என்று மெனுவில் சிக்இன்ட்டை இக்னோர் செய்திருக்கிறோம். ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) போட்டிருந்தால் எக்ஸெக் அதை டீஃபால்ட்டுக்கு மாற்றிவிடும். இக்னோரை மட்டும் அப்படியே விட்டுவிடும். பாஷோ தான் எந்த நிலையில் வாங்கியதோ அதே நிலையில் தன் கமாண்டுகளுக்கும் கொடுத்துவிடுகிறது. ப்ராம்ப்ட்டில் பாஷ் தானே கண்ட்ரோல்-சி-யைக் கவனித்துக்கொள்வதால் அங்கே ஒன்றும் தெரியாது. இந்தச் சங்கதி மேனுவலில் இருக்கிறது, ஆனால் தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

ஃபோர்க்குக்குப் பின், எக்ஸெக்குக்கு முன், சைல்டில் சிக்இன்ட்டை சிக்_டிஎஃப்எல் (டீஃபால்ட்) ஆக்கினேன். சிக்இக்ன் முழுக்க பூஜ்யம், டெயிலும் நின்றது.

அதே கையோடு /ப்ராக்-இல் பாஷின் எஃப்டி ஃபோல்டரையும் (அது திறந்து வைத்திருப்பவற்றின் பட்டியல்) பார்த்தேன். மெஷினோடு பேசும் சீரியல் போர்ட் அங்கேயும் திறந்தே இருந்தது! யாராவது பின்னணியில் எதையாவது ஓடவிட்டுப் போனால், மெனுவை மூடிய பிறகும் போர்ட் பிடிபட்டே கிடக்கும். ஓப்பன் செய்யும்போதே ஓ_க்ளோஎக்ஸெக் (எக்ஸெக் ஆகும்போது தானே மூடிக்கொள்ளும்) சேர்த்துவிட்டேன். இதை எல்லா ப்ரோகிராமிலும் முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

என்கர்ஸஸ் (டெர்மினலில் திரை வரையும் லைப்ரரி) மெனு என்பதால் போகும்முன் டெர்மினல் நிலையைச் சேமிக்க டெஃப்_ப்ராக்_மோட், திரையை விட்டுக்கொடுக்க எண்ட்வின், திரும்பியதும் மறுபடி வரைய ரெஃப்ரெஷ். அவ்வளவுதான்.