ஆமையின் கண்ணீரை வரையச் சொன்னபோது

சிறுவர் நூல்களுக்கு இயற்கை சார்ந்த படங்கள் வரைவது என் தொழில். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பற்றிய ஒரு நூலுக்கு வரைந்துகொண்டிருந்தபோது, தாய் ஆமையின் கண்ணில் ஒரு துளி நீரைப் பெரிதாகக் காட்டும்படி பதிப்பாசிரியர் கேட்டார். அதன் வேதனையைக் குழந்தைகள் உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த நீர் பொய்யன்று. ஆனால் அதற்கும் வேதனைக்கும் தொடர்பில்லை. கடல்நீரோடும் இரையோடும் உடலில் சேரும் மிகை உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. கடலுக்குள் அது கரைந்துவிடுகிறது, கரையேறிய பிறகுதான் மணலோடு ஒட்டி வழிவது நம் கண்ணுக்குப் படுகிறது.

நம்முடைய அழுகையை ஆமைக்குக் கடன் கொடுத்துவிட்டால், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் தேவை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது என்பதே என் தயக்கம். பின்துடுப்புகளால் மாறி மாறி மணலை அள்ளி, தன் கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றரை அடிக் குழியை அது தோண்டுகிறது. நூறு முட்டைகள் அளவுக்கு இட்டு மூடிவிட்டு, உடலை இருபுறமும் சாய்த்துச் சாய்த்து மணலைத் தட்டி இறுக்குகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காக்கும் பணியை மாணவர்கள் 1988 முதல் செய்துவருகிறார்கள். அவர்கள் பின்னால் நானும் நடந்திருக்கிறேன். விளக்கைப் போட்டு வரைய முடியாது. ஒளி ஆமையைக் கலைத்துவிடும். ஆகவே அசைவை மனத்தில் வாங்கி வந்து, வீட்டில்தான் வரைந்தாக வேண்டும்.

ஓட்டின் கதை வேறு. கணினியில் வரைபவர்களுக்குப் பாதி ஓட்டை வரைந்து மறுபாதியைத் திருப்பி ஒட்டிவிடும் வசதி இருக்கிறது. பங்குனி ஆமையிடம் அது செல்லாது: முதுகின் பக்கத் தகடுகள் பெரும்பாலும் ஆறோ அதற்கு மேலோ இருக்கும், இடப்புறமும் வலப்புறமும் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டுமென்பதும் இல்லை. எண்ணிப் பார்த்து வரைந்த ஆமை ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆமையாகிவிடுகிறது. ஆர்வம் பரிவாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க வழியில்லாவிட்டாலும்.

2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து இக்கரையில் ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் என்பதால், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூழ்கிச் சாகும். பிதுங்கிய கண்ணும் வீங்கிய கழுத்தும் கொண்ட ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தேன். அங்கு நின்ற மீனவர் ஒருவர், "இதையெல்லாமா படம் போடுவீங்க?" என்று கேட்டார், பிறகு அவரே, வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்து அதை விடுவிப்பதில் ஆகும் நட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் சொன்ன கணக்கும் அந்தப் படத்தைச் சேர்ந்ததே.

கடைசியில் பதிப்பாசிரியரும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். துளி வேண்டாம், மணல் ஒட்டிய ஈரக் கோடு இருக்கட்டும், கீழே உப்பைப் பற்றி ஒரு வரி. வேதனையைக் காட்டத்தான் வேண்டுமென்றால் வலைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டிருக்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கு அது கூடுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை.