புதுப் பிரிண்டரும் பழைய எர்த்தும்

நகல், ஸ்கேன், அச்சு என அனைத்தையும் செய்யும் ஏ3 அளவு லேசர் பிரிண்டர் ஒன்றை எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு வாங்கினோம். வாங்கியதிலும் மாடியேற்றியதிலும் சொல்ல ஒன்றுமில்லை. இறக்க வந்த ஊழியர், பெட்டியைப் பிரித்த கையோடு அதைக் கணினிகளுக்கான யூபிஎஸ் லைனில் செருகப் போனபோதுதான் தொல்லை தொடங்கியது.

டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் 180 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். அந்த ஹீட்டர் ஆயிரம் வாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் இழுப்பதால், சாதாரண யூபிஎஸ் அலறி நின்றுவிடும். அதை நம்பியிருக்கும் கணினிகளும் சேர்ந்தே அணையும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. நான் தடுத்ததும், "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் சார் போடுறோம்" என்று சொல்லிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைத் தனி லைனில் போட்டோம். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் விளக்கை, மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் கசிவு மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்துக் காட்டி, "எர்த் பிரமாதம்" என்றார். சர்வீஸ் இன்ஜினியர் வந்து மீட்டரை வைத்தபோது, மின்சாரம் திரும்பும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட் காட்டியது. 3 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் இயக்குவேன், பிரிண்டருக்குள் இருக்கும் மின்சுற்று போர்டு போனால் வாரண்டி கிடைக்காது என்று சொல்லி மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதை விலைப்புள்ளி கொடுத்த அன்றே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? எலக்ட்ரீஷியனைக் கேட்டால் மெஷினில் கோளாறு என்றார், நிறுவனத்தைக் கேட்டால் கட்டடத்தில் கோளாறு என்றார்கள்.

கடைசியில் பின்கட்டில் இருந்த எர்த் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லி நானே பக்கத்தில் நின்றேன். மண் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழாயில் கம்பியை இறுக்கியிருந்த கிளாம்ப், துருவேறி, விரலால் தள்ளினாலே சுழன்றது. செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. முனையைச் சுரண்டி, கிளாம்பை மாற்றி, குழிக்குத் தண்ணீர் ஊற்றியபின் மீட்டர் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. டெஸ்ட் விளக்கு எரிவதை மட்டும் பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்.

மறுபடி வந்த இன்ஜினியர் ஸ்விட்சில் கை வைக்குமுன், வரும் வழியில் பாகங்கள் அசையாமலிருக்க ஒட்டப்பட்ட ஆரஞ்சு நிற டேப்புகள் எல்லாம் எடுக்கப்பட்டனவா என்று கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்தினேன். தாள் டிரேயின் உட்புறத்தில் ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்து என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த அசட்டுச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. அதன்பின் முன்கதவுக்குள் இருக்கும் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் சிக்கலின்றி இயங்கியது.

அணைப்பதில்தான் கவனம் தேவை. முதலில் பேனல் பொத்தானை அழுத்தி, விளக்கு அணையும் வரை காத்திருந்து, பிறகே மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். உள்ளே ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டினால் தரவு கெடும். மாலையில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகும் வழக்கமுள்ள எங்கள் உதவியாளருக்காக அந்தச் சாக்கெட்டின் மேல் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன்.

பில்லில் "சைட் இன்ஸ்பெக்‌ஷன்" என்று ஒரு கட்டணம் இருக்கிறது. பெட்டி வருவதற்கு முன் எங்கள் அலுவலகத்தை எட்டிப்பார்த்தவர் ஒருவரும் இல்லை என்று எழுதி, அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.