மூன்றாவது முறை நீட் எழுதுவதா, விடுவதா

2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்தது. 472. போன வருடம் எனக்கு 541. அப்பா என் போனை வாங்கி அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து படித்ததற்கு 69 மதிப்பெண் குறைந்திருக்கிறது என்றுதான் அன்று ராத்திரி நாங்கள் மூவருமே நினைத்தோம்.

அந்தக் கணக்கே தவறு என்று புரிய இரண்டு நாள் ஆனது. 2024-இல் முதலில் 67 பேர் 720-க்கு 720 எடுத்ததாக அறிவித்தார்கள். 2025-இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686தான். பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. இந்த முறை இயற்பியல் பலரை உலுக்கிவிட்டது. என் மதிப்பெண் இறங்கியிருந்தாலும் அகில இந்திய ரேங்க் பல ஆயிரம் இடங்கள் மேலே வந்திருந்தது. இரண்டு வருட மதிப்பெண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து அழுதுகொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ரேங்கை எடுத்துப் பாருங்கள்.

ஆனாலும் அரசுக் கல்லூரிக்கு அது போதவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தை வீட்டில் பேச்சுக்குக்கூட எடுக்க முடியாது. 2025 சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே பிசியோதெரபி கிடைக்கும். அம்மாவுக்கு அதில் சேர்ந்துவிட்டால் நிம்மதி. "நீ எதை எடுத்தாலும் சரிம்மா. எடுத்ததுக்கப்புறம் பாதியில நின்னு அழக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

நீட்டுக்கு மேல்வயது வரம்பு 2022-இலேயே போய்விட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. அதனால் நிறுத்துவது எப்போது என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தியக் கல்லூரிகளில் ஒரு வருடத்து மதிப்பெண் அந்த வருடச் சேர்க்கைக்கு மட்டும்தான். 472-ஐ அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. திரும்ப எழுதினால் பூஜ்யத்திலிருந்துதான்.

யாரிடம் கேட்டாலும் அவரவர் வீட்டுக் கதையைத்தான் சொன்னார்கள். மூன்றாவது முறையில் சீட் வாங்கிய பிள்ளையின் கதை, நான்கு வருடம் போய் ஒன்றுமில்லாமல் நின்ற பிள்ளையின் கதை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் எதிலும் நான் இல்லையே. அதனால் என் ஓஎம்ஆர் விடைத்தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் வினாத்தாளையும் தரையில் விரித்து உட்கார்ந்தேன்.

180 கேள்விகளில் 126 சரி, 32 தவறு, 22 தொடவே இல்லை. முதலில் தவறுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்று ஏன் அந்த வட்டத்தைக் கருப்பாக்கினேன் என்று எழுதினேன். பத்து கேள்விகள் விடை தெரிந்தும் போனவை. அதில் ஆறு உயிரியல்; 'தவறான கூற்று எது' என்று கேட்டதற்குச் சரியான கூற்றைக் குறித்திருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றைச் சரியாகப் போட்டிருந்தால் கிடைப்பது 4 இல்லை, 5. தவறுக்காகக் கழிந்துபோன ஒன்றும் திரும்ப வரும். ஆக, பத்துக்கு 50 மதிப்பெண். எட்டு கேள்விகளில் சரி என்று முழுசாக நம்பித் தவறு செய்திருந்தேன். மிச்சம் 14 ஊகம். ஊகித்துப் போட்டதில் சரியானவையும் ஆறு இருந்தன. 24 வந்தது, 14 போனது. நெகட்டிவ் மார்க்தான் என்னைக் கவிழ்த்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை.

அப்புறம் அந்த 22. அதில் 14 இயற்பியல். போன வருடம் வரை 200 நிமிடம் இருந்தது, பாடத்துக்கு ஐந்து கேள்விகளை விட்டுவிடலாம். இந்த மே 4 அன்று 180 கேள்விக்கு 180 நிமிடம், விருப்பக் கேள்வியே கிடையாது. உயிரியல், வேதியியல் முடித்து நான் இயற்பியலுக்கு வந்தபோது கையில் இருந்தது நாற்பது நிமிடம். அந்தப் பதினான்கையும் கடிகாரம் இல்லாமல், விடையைப் பார்க்காமல், ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வந்துவிட்டது. சந்தோஷமாகவும் கோபமாகவும் இருந்தது. பாடம் புரியாமல் இல்லை, கை பழகவில்லை.

ஏன் பழகவில்லை என்பதும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. இயற்பியல் நோட்டை எடுத்தேன். நிலைமத் திருப்புத்திறன், 41-ஆம் பக்கம், பாதி வரைந்த வட்டத்தட்டு. மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு, அதன் மேல் R என்றுகூடப் போடவில்லை. அதற்குப் பிறகு வெற்றுத்தாள்கள். உயிரியலுக்கோ மூன்று நோட்டு, நான்கு நிறத்தில். அது எனக்கு வரும், படித்தால் மனசுக்கு இதமாக இருக்கும். வருடம் முழுக்க வருகிற பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, உழைத்தேன் என்று நம்பியிருக்கிறேன். இதை அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நோட்டைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "சரி, இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு" என்றார்.

ஆறு வாரம் கேட்டேன். இயற்பியல் மட்டும், தினமும் கடிகாரம் வைத்து. வராது என்று தெரிந்தால் பிசியோதெரபியில் சேர்ந்து, அதை மனசோடு படிப்பது. முதல் நாள் 2022 வினாத்தாளில் 45 கேள்விகளை 55 நிமிடத்தில் போட்டேன், 20 சரி. ஆறாவது வாரம் 2021 தாள், அதே நேரம், 31 சரி.

என்னோடு இரண்டு முறையும் எழுதிய தோழியும் இதே மாதிரி தன் தாளைப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்கு விட்ட கேள்வியே இல்லை. தவறுகள் மூன்று பாடத்திலும் சிதறிக் கிடந்தன, பெரும்பாலும் நம்பிப் போட்டவை. அதைவிட, மாக் டெஸ்ட் என்றாலே அவளுக்கு வயிறு பிசைய ஆரம்பித்திருந்தது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான். விண்ணப்பித்தாள், இடம் கிடைத்துவிட்டது. போனில் அவள் குரல் இவ்வளவு லேசாக இருந்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அவள் தோற்றுப் போனாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன்: 2026-இல் எழுதுகிறேன், இதுதான் கடைசி. இந்த முறை காலையில் முதல் மூன்று மணி நேரம் இயற்பியல், அது முடியாமல் உயிரியல் நோட்டைத் தொடுவதில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, உயிரியல் நோட்டு மூன்றையும் எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்து மணிக்கு மேல் கேட்டால் தருவாராம்.

இன்று காலை அந்த வட்டத்தட்டை வரைந்து முடித்தேன். 42-ஆம் பக்கத்தில் ஏழு கணக்கு போட்டிருக்கிறேன், இரண்டு தவறு.